அலமாரியில் இருந்த மீன் எண்ணெய்

ஊட்டச்சத்துப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம், நான் செய்த நல்ல காரியங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சிலவற்றைச் செய்திருக்கிறேன். அவை பழைய அறிக்கைகளில் இருக்கும். அறிக்கைகளில் அவைதான் இருக்கும். நான் சொல்லப்போவது ஒரு பெண் குழந்தை கண்ணிழந்த கதை. அதில் என் பங்கு என்ன என்பதை மறைக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா கோயமுத்தூரில் பஞ்சாலைத் தொழிலாளி. நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கிராம சேவிகைப் பயிற்சி பெற்று, பவானிக்கு மேற்கே ஒரு வட்டாரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தையின் குடும்பத்துப் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

தாய்மார்களுக்கு எதைச் சமைப்பது, குழந்தைக்கு எதை ஊட்டுவது என்று சொல்லிக் கொடுப்பது என் வேலை. அதற்காகத் துணியில் ஒட்டிய ஒரு பெரிய படத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்திருந்தார்கள். அதில் உணவு மூன்று வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். சக்தி தருவது ஒன்று: அரிசி, சோளம், கிழங்கு. உடம்பை வளர்ப்பது ஒன்று: பால், முட்டை, பருப்பு, மீன். நோய் வராமல் காப்பது ஒன்று: கீரை, காய், பழம். மூன்று வட்டத்திலிருந்தும் தினமும் கொஞ்சம் எடுத்தால் குழந்தை நன்றாக இருக்கும். படத்தில் எல்லாமே பளபளவென்று இருக்கும்.

விவசாயக் கூலிகள் குடியிருந்த வளவில்தான் முதல் பாடம். முப்பது குடிசைகள். நிழலுக்கு ஒரு வேப்பமரம். படத்தை அதில்தான் மாட்டினேன். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மூன்றாவது வட்டத்தைக் காட்டி, “இந்தச் செவப்பா இருக்கறது என்னங்க?” என்று கேட்டாள்.

“ஆப்பிள்.”

“இதைத் தின்னாத்தான் சீக்கு வராதுங்களா?”

“இது இல்லாட்டிப் பப்பாளி போதும்.”

“பப்பாளிக்கு எங்கீங்க போறது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டம் கலகலப்பாக இருக்கிறது, நல்ல தொடக்கம் என்று அன்று நாட்குறிப்பில் எழுதினேன். அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் கேள்வி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

அவர்கள் தின்றது சோளக் களி, கிடைத்தால் கம்பங்கூழ். தொட்டுக்கொள்ள மிளகாயும் உப்பும் அரைத்தது. எப்போதாவது கொள்ளு வேகவைத்த தண்ணீர். மழைக்காலத்தில் களை எடுக்கப் போகும்போது வரப்பில் முளைத்த பண்ணைக் கீரையை மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். தை பிறந்தால் அதுவும் காய்ந்துபோகும். அடுத்த மழைவரை பச்சையாக எதுவும் அந்தக் குடிசைகளுக்குள் போகாது.

அந்தத் தை மாதத்தில்தான் எங்களுக்குப் பால் பவுடர் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த மூட்டைகள். வெண்ணெய் எடுத்த பாலின் பவுடர். காலையில் வெந்நீரில் கரைத்து, தாய்ப்பால் மறந்த, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு தம்ளர். அதோடு பழுப்பு நிறப் போத்தல்களில் சுறா மீன் ஈரல் எண்ணெயும் வந்தது. பாலோடு தினமும் ஒரு சின்ன ஸ்பூன் கொடுக்க வேண்டும் என்று கூடவே வந்த தாளில் இருந்தது. ஏன் என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

முதல் வாரம் நாற்பத்திரண்டு குழந்தைகள் வந்தார்கள். எண்ணெயின் நாற்றம் உங்களுக்குத் தெரியாது. இப்போது மருந்து இனிப்பாக வருகிறது. மூடியைத் திறந்தால் குடலைப் பிரட்டும். குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். எடுத்த வாந்தியில் பாலும் போனது. ஸ்பூனைக் கண்டதும் ஓடி ஒளிந்தார்கள். இரண்டாவது வாரம் பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். மேற்பார்வைக்கு வந்தவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “ஏம்மா பாதியாக் கொறைஞ்சிருக்கு? பால் வேண்டாங்கறாங்களா?” என்றார்.

அன்று நானாக ஒரு முடிவு எடுத்தேன். பால் உணவு, எண்ணெய் மருந்து. உணவுதான் முக்கியம், மருந்து நோய் வந்தவர்களுக்கு. எண்ணெயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் இருந்த பன்னிரண்டு போத்தல்களையும் பஞ்சாயத்துக் கட்டடத்து அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கிப் பூட்டினேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மறுவாரம் நாற்பத்தைந்து பேர் வந்தார்கள். மேற்பார்வையாளர் பாராட்டினார்.

அந்த நாற்பத்தைந்தில் ஒருத்தி பொன்னி. மூன்று வயது நிரம்பவில்லை. அம்மா மாராத்தாள் கூலிக்குக் களை எடுப்பவள். அப்பா ஒரு தோட்டத்தில் பண்ணையாள். இடுப்பில் ஒரு தம்பி, பால்குடி மறக்காதவன். பொன்னியை முதல்முறை தூக்கிவந்தபோது அவள் கால்கள் வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். முடி செம்பட்டை பாய்ந்து, தோல் உரிந்து, எதைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை. பிழைக்காது என்றுதான் வளவில் பேசிக்கொண்டார்கள்.

பால் அவளைத் தூக்கி நிறுத்தியது. ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்தது. வடிந்ததும் உள்ளே இருந்த எலும்பு தெரிந்தது. பிறகு எலும்பின் மேல் சதை பிடித்தது. தொங்கு தராசில் உட்காரவைத்தால் சிரிப்பாள். என்னைக் கண்டால் ஓடிவந்து சேலையைப் பிடித்துக்கொள்வாள். போன இடத்தில் எல்லாம் பொன்னியைப் பற்றித்தான் பேசினேன். பங்குனியில் மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பால் மையத்தைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தபோது, அவருக்கு முன்னால் யாரை நிறுத்துவது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அவர் வருவதற்கு முதல் நாள். கட்டடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். மாராத்தாள் களைக்கொத்தோடு வந்து நின்றாள்.

“ஏனுங்க அம்மணி, ஒண்ணு கேக்கோணுமுங்க.”

“சொல்லு மாராத்தா.”

“பொழுது உழுந்தாப் புள்ளை தட்டுத் தடுமாறுதுங்க. நேத்து அடுப்புமேலயே போயி உழுகப் பாத்துச்சுங்க. களியை முன்னால வெச்சா எங்க இருக்குதுன்னு தடவுதுங்க.”

நான் பசைக் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தேன். படம் கோணலாக இருந்தது. அதைச் சரிசெய்துகொண்டே சொன்னேன்: “பலம் இல்லாத புள்ளை. பால் குடிக்குதல்ல, சரியாப்போயிரும். தினமும் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை வேகவெச்சுக் குடு. கண்ணுக்கு நல்லது.”

“கீரைங்களா?”

“ஆமா, கீரைதான். நாளைக்குப் புள்ளையைக் குளிப்பாட்டி, எண்ணெய் வெச்சுத் தலை சீவிக் கூட்டிட்டு வா. பெரிய ஆபீசர் வர்றாரு.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீங்கள் எல்லோரும் படித்தவர்கள். மாலைக்கண் என்றால் என்ன, அடுத்து என்ன வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். எனக்கும் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அன்று வாசலில் நின்ற எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. பொன்னி என்னுடைய வெற்றி. அவளுக்கு உடம்பு மோசமாகிறது என்று என் காதில் விழ இடமே இருக்கவில்லை.

மறுநாள் அதிகாரி அவளைத் தூக்கிக் கொஞ்சினார். பகல் வெளிச்சத்தில் அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

சித்திரையில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு பரவியது. பொன்னி ஆறேழு நாட்கள் வரவில்லை. ஒருநாள் காலை பாலைக் கரைத்துக்கொண்டிருந்தபோது மாராத்தாள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். குழந்தை இரண்டு கண்களையும் இறுக்கி மூடி, முகத்தைத் தாயின் கழுத்தில் புதைத்திருந்தது.

“வெளிச்சத்தைப் பாக்க மாட்டீங்குதுங்க. மூணு நாளாச்சுங்க. தாய்ப்பால் பீச்சி உட்டனுங்க, கேக்கலீங்க.”

இமையைப் பிரித்துப் பார்த்தேன். வெள்ளை விழியில் ஈரமே இல்லை. சுருங்கி மங்கிக் கிடந்தது. வலது கருவிழியின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ குழைந்திருந்தது. நான் அழுத்திப் பிடித்ததில் குழந்தைக்கு வலித்திருக்கும். வாயைத் திறந்து கத்தியது. கண்ணீர் வரவில்லை.

பக்கத்துச் சுகாதார நிலையத்தில் மருத்துவர் மதியம்தான் வருவார். காத்திருக்கத் தைரியம் வரவில்லை. பாலை அப்படியே விட்டுவிட்டு, கைக்குழந்தையைப் பக்கத்துக் குடிசையில் கொடுக்கச் சொல்லி, மாராத்தாளையும் பொன்னியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கோயமுத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். மாராத்தாள் அதற்கு முன் பஸ் ஏறியதில்லை. வழி முழுவதும் குழந்தையின் தலைமேல் முந்தானையைப் போட்டு வெயிலை மறைத்துக்கொண்டே வந்தாள்.

கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில் கண் பகுதியில் இருந்தவர் ஐம்பது வயதுப் பெண் மருத்துவர். இமையைத் தூக்கிப் பார்த்தவர் உடனே விட்டுவிட்டார். பிறகு, “சாயங்காலத்துல எப்பத்திலிருந்து தடுமாறுது?” என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டு, “கொஞ்ச நாளாத்தான் டாக்டர்” என்றேன்.

“இல்லீங்க” என்றாள் மாராத்தாள். “பங்குனிலிருந்தேங்க. அப்பவே இந்த அம்மணிகிட்டச் சொன்னனுங்க. கீரை குடுன்னாங்க. தோட்டத்து வேலியில மொருங்கைத் தழை ரெண்டு கொத்து ஒடிச்சுட்டு வந்து வேகவெச்சுக் குடுத்தனுங்க. பண்ணைக்காரரு பாத்துப்போட்டு, எங்கூட்டுக்காரரைக் கட்டுத்தறியில நிக்கவெச்சுப் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டாருங்க. அதுக்கப்பறம் ஒடிக்கலீங்க.”

அவள் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். முருங்கை அந்த ஊரில் வேலிக்கு வேலி நின்றது. எல்லா வேலிகளும் யாரோ ஒருவருடையவை என்பது என் படத்தில் இல்லை.

மருத்துவர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

“குழந்தைக்கு என்ன குடுத்துட்டு இருந்தீங்க?”

“பால் பவுடர், டாக்டர். நல்லாத் தேறி வந்தா.”

“தேறினதுதான் காரணம். கொழுப்போட கண்ணுக்கு வேண்டிய சத்தையும் எடுத்துட்ட பால் அது. உடம்பு வளர ஆரம்பிச்சதும் மிச்சம் மீதி இருந்ததையும் இழுத்துக்கிச்சு. அதுக்குத்தான் கூடவே மீன் எண்ணெய் அனுப்பறாங்க. வந்துதா?”

“வந்துச்சு.”

“குடுத்தீங்களா?”

அவர் மறுபடி கேட்டார்.

“இல்லை.”

“எங்க இருக்கு?”

“அலமாரில.”

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “இன்னும் எத்தனை குழந்தைங்க அந்தப் பாலைக் குடிக்கறாங்க?” என்று கேட்டார்.

“நாற்பதுக்கு மேல.”

“அப்ப நீங்க இங்க நிக்காதீங்க. அடுத்த பஸ்ஸுல போங்க. இன்னைக்குப் பொழுது சாயறப்ப ஒவ்வொரு குழந்தையையும் நடக்கவெச்சுப் பாருங்க. தடுமாறுனா இன்னைக்கே எண்ணெய்.” அளவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். முத்திரை உடைக்காத போத்தலாக இருந்தால், இருட்டில்தான் இருந்திருக்கிறது, கெட்டிருக்காது என்றார்.

“இந்த அம்மா ஊருக்குப் புதுசு டாக்டர். தனியா…”

“இவங்களோட உக்காந்திருந்தா உங்க மனசுக்கு நல்லா இருக்கும். அங்க இருக்கற குழந்தைக்கு என்ன ஆகும்?”

உள்ளே போய் மாராத்தாளிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னை உட்டுப்போட்டாப் போறீங்க அம்மணி? எனக்கு இங்க யாருங்க இருக்காங்க? எந்தப் பக்கம் போனா எங்கூரு வருமுன்னே தெரியாதுங்க.”

அவள் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். வாசல்வரை அவள் கூப்பிடும் சத்தம் கேட்டது. அன்று செய்ததில் அது ஒன்றுதான் சரியான காரியம். அதைச் செய்யும்போது வந்ததைப் போல வேறு எப்போதும் என்மேல் எனக்கு வெறுப்பு வந்ததில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வளவுக்குப் போய்ச் சேர்ந்தேன். வேப்பமரத்தடியில் ஒரு தட்டில் வெல்லத்துண்டுகளை வைத்து, பத்தடி தள்ளிக் குழந்தைகளை ஒவ்வொருவராக நிற்கவைத்து, போய் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். விளையாட்டு என்று நினைத்து ஓடிவந்து எடுத்தார்கள். பதினோராவது குழந்தை நடந்துவந்து தட்டைத் தாண்டிப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி, குனிந்து, இரண்டு கைகளாலும் மண்ணைத் துழாவியது. சிரிப்பு நின்றுபோனது. அதன்பின் தாய்மார்களே தம் பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டார்கள். மொத்தம் ஐந்து குழந்தைகள் மண்ணைத் துழாவினார்கள்.

அலமாரியைத் திறந்து போத்தல்களை எடுத்துவந்தேன். எண்ணெயை நான் நிறுத்திவைத்தேன், அதனால்தான் பொன்னிக்கு இப்படி ஆகிவிட்டது என்று அவர்களிடம் சொல்லவில்லை. இந்த எண்ணெயைக் கொடுக்காவிட்டால் கண் போய்விடும் என்று மட்டும் சொன்னேன். குழந்தைகள் வழக்கம்போல ஓங்கரித்தார்கள். ஒரு தாய் உள்ளே போய், புளியில் உப்பைத் தொட்டு உருட்டிக்கொண்டு வந்தாள். எண்ணெய் இறங்கியதும் அதை நாக்கில் வைத்தாள். வாந்தி வரவில்லை. மூன்று மாதமாக என்னால் தீர்க்க முடியாது என்று நான் பூட்டிவைத்த பிரச்சினை. நான் யாரிடமும் கேட்டிருக்கவில்லை.

அந்த ஐந்து குழந்தைகளின் கண்களும் தப்பின. இரண்டு வாரத்தில் தட்டை நேராகப் பார்த்து நடந்தார்கள்.

பொன்னியின் வலது கண் மருத்துவமனைக்குப் போன நான்காம் நாள் உடைந்துவிட்டது. இடது கண்ணில் பூ விழுந்தது. வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும் என்றார்கள். மாராத்தாள் மூன்று வாரம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பிவந்தாள். அவள் புருஷன் போய்க் கூட்டிவந்தான். அதுவரை கைக்குழந்தையை வளவில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

இனி இரண்டாவது தவறைச் சொல்ல வேண்டும்.

பால் மையத்துக்கு வந்த குழந்தைக்குக் கண் போனது என்ற செய்தி மேலே போய்விட்டது. அறிக்கை கேட்டார்கள். எங்கள் வட்டார அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. என்னை உட்காரவைத்து, தாமே எழுதியிருந்த தாளைக் கொடுத்தார். குழந்தை ஏற்கெனவே நோயுற்றிருந்தது. மீன் எண்ணெயும் கீரையும் தரும்படி சேவிகை அறிவுரை கூறியும், தாய் அறியாமையால் அதைப் பின்பற்றவில்லை. இதுதான் அதன் சாரம்.

“இது உண்மை இல்லைங்க சார்” என்றேன்.

“உண்மையை எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? பாலைக் குடிச்சுக் கண்ணு போச்சுன்னு ஒரே நாள்ல ஊரெல்லாம் பரவும். திட்டத்தையே நிறுத்திருவாங்க. நாற்பது குழந்தைக்கும் பால் போயிரும். உங்க வேலையும் போயிரும், அது வேற. அந்தப் பொம்பளைக்கு இதுல என்ன நட்டம்? அவளுக்குப் படிக்கவா தெரியும்?”

நான் கையெழுத்துப் போட்டேன். நாற்பது குழந்தைகளுக்காகப் போட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் அதுவும் உண்மைதான். அதனால்தான் கையெழுத்துப் போட முடிந்தது.

கீழே தாயின் கைநாட்டு வேண்டும். மறுநாள் மை அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். மாராத்தாள் குடிசை வாசலில் உட்கார்ந்து சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். பொன்னி அவள் முதுகில் சாய்ந்து, கட்டை விரலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் குரலைக் கேட்டதும் கையை நீட்டி என் சேலையைத் தேடினாள்.

“இதுல ஒரு கைநாட்டு வைக்கோணும் மாராத்தா.”

அவள் முறத்தைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தாள். பெருவிரலை நீட்டியவள், மை அட்டைக்கு மேலே அப்படியே நிறுத்தினாள்.

“என்னங்க எழுதியிருக்குது?”

“பொன்னி சமாசாரம்தான்.”

“படிச்சுச் சொல்லுங்க அம்மணி.”

வேறு எதையாவது படித்திருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? வாயைத் திறந்தேன். பொய்யாக ஒரு வாக்கியம் தேடினேன், கிடைக்கவில்லை. தாளில் இருந்ததையே படித்தேன். அறிவுரை, அறியாமை என்று வந்த இடங்களில் அவளுக்குப் புரியும்படி மாற்றிச் சொன்னேன். மீன் எண்ணெய் குடு, கீரை குடுன்னு சேவிகை சொல்லியும் தாய் குடுக்கலை.

அவள் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

“நான் குடுக்கலைன்னுங்களா?”

“ஆமா.”

“கீரை ரெண்டு நாளு குடுத்தனுங்க. எண்ணெயின்னா, அந்த நாத்தம் புடிச்சதுங்களா? மொதல்ல ஒரு வாரம் ஊத்துனீங்களே, அதுங்களா?”

“ஆமா.”

“அதுக்கப்பறம் எனக்குக் குடுத்தீங்களா அம்மணி?”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. மூன்று வாரமாக, தான் எங்கே தவறினோம் என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“குடுக்கலை” என்றேன். “எண்ணெய் எங்கிட்ட இருந்துச்சு. புள்ளைங்க வரமாட்டேங்குதுன்னு நான்தான் பூட்டி வெச்சுட்டேன். நீ வந்து சொன்னப்பவாவது எடுத்திருக்கோணும். எடுக்கலை. தப்பு உன்மேல இல்லை.”

அவள் முறத்தில் இருந்த சோளத்தைக் கையால் பரப்பினாள், மறுபடி குவித்தாள். பிறகு சொன்னாள்: “அப்ப அதை எழுதுங்க.”

அங்கேயே உட்கார்ந்து, பையில் இருந்த வெள்ளைத்தாளில் எழுதினேன். எண்ணெய் எந்த மாதம் வந்தது, எப்போது நிறுத்தினேன், ஏன் நிறுத்தினேன், தாய் எப்போது வந்து சொன்னாள், நான் என்ன பதில் சொன்னேன், முருங்கைத் தழைக்காக அந்தக் குடும்பம் என்ன பேச்சு வாங்கியது. எழுதியதைப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். பிறகு கைநாட்டு வைத்தாள்.

அதிகாரி அதைப் படித்துவிட்டு மேசைமேல் போட்டார். “உங்களைக் காப்பாத்தப் பாத்தேன்” என்றார். அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். தாளை மேலே அனுப்பினார், அதை மட்டும் செய்தார். பால் திட்டத்தை யாரும் நிறுத்தவில்லை. அவர் பயந்தது போலவும் நான் பயந்தது போலவும் எதுவும் நடக்கவில்லை. கண்டனக் குறிப்பு ஒன்று வந்தது. ஆனி மாதம் வேறு வட்டாரத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நான் எழுதியதை மேலே யாராவது முழுவதும் படித்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

போவதற்கு முன்னால் பொன்னிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்தேன். வயது வந்ததும் பார்வையற்றோர் பள்ளியில் சேர்க்கலாம், விடுதி இருக்கிறது, நானே கூட்டிப்போகிறேன் என்று மாராத்தாளிடம் சொன்னேன்.

“கோவிச்சுக்காதீங்க அம்மணி” என்றாள். “புள்ளையை இனி உங்க கையில குடுக்க மாட்டனுங்க.”

அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை. பொன்னி பள்ளிக்குப் போகவில்லை என்று பின்னாளில் கேள்விப்பட்டேன்.

உங்கள் கையில் இப்போது என்னுடையதைவிட நல்ல படங்கள் இருக்கின்றன. எந்த உணவில் என்ன சத்து என்று எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். ஒரு தாயிடம் கீரை கொடு, முட்டை கொடு, பழம் கொடு என்று சொல்லும்முன், அது அவளுக்கு எந்த வேலியிலிருந்து கிடைக்கும் என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்வதைக் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். தேறிவரும் குழந்தையை இன்னும் ஒருமுறை பாருங்கள். இதற்கு மேல் அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

நான் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு நான்கு நாட்களுக்கு முன்னால், பால் ஊற்றும் நேரத்தில் மாராத்தாள் வரிசையில் வந்து நின்றாள். இடுப்பில் பொன்னியின் தம்பி. அவனும் தாய்ப்பால் மறந்திருந்தான். தம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தாள். நான் போத்தலைத் திறந்து ஸ்பூனில் எண்ணெய் ஊற்றிக் குழந்தையின் வாய் அருகே கொண்டுபோனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். ஸ்பூனை என்னிடமிருந்து வாங்கி முகர்ந்தாள். நுனி நாக்கால் தான் ஒரு சொட்டு தொட்டுப் பார்த்தாள். சற்று நேரம் காத்திருந்தாள். அதன்பின் மகனின் வாயைத் திறந்து மிச்சத்தை ஊற்றி, மடியில் முடிந்து வைத்திருந்த உப்புப் புளியை அவன் நாக்கில் வைத்தாள்.

மிச்சம் இருந்த நாட்களிலும் வந்தாள். ஒருநாளும் ஸ்பூனை என் கையால் ஊட்ட விடவில்லை.